மீட்டர் 14.7 காட்டினால் எத்தனால் வண்டியில் என்ன பொருள்?

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை. அம்பத்தூர் பட்டறையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பட்டறைப் பையனிடமிருந்து போன் வந்தது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நின்றுகொண்டு பேசினான். இன்ஜினில் காற்றும் எரிபொருளும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று காட்டும் மீட்டரைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணா, மீட்டர் 14.7 காட்டியது. எத்தனாலுக்கு 9.8 வரவேண்டும் அல்லவா? எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போகிறேன். 10.0 வரை இறங்கியது, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது."

பின்னால் இன்ஜின் இருமுகிற சத்தம் கேட்டது. "பேசுவது இருக்கட்டும், முதலில் வண்டியை அணை" என்றேன்.

அது ஒரு சிறு சுமை வண்டி. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல் இன்ஜின். பந்தய அணி ஒன்று டயர்களையும் ஜாக்கிகளையும் ஏற்றிக்கொண்டு தடத்துக்குள்ளேயே சுற்றுவதற்காக வைத்திருக்கிறது. கம்பெனி இசியுவை, அதாவது எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் கணினிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, நாமே எண்களை மாற்றக்கூடிய இசியு ஒன்றைப் பொருத்தி, எத்தனால் அதிகம் கலந்த எரிபொருளில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். சாலையில் ஓடும் வண்டியில் இந்த வேலையை நான் செய்வதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. டீசல் லாரிக்கு இதைச் செய்யலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். செய்யமுடியாது. டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளவேண்டும். எத்தனாலுக்கு அந்தக் குணம் இல்லை.

மறுநாள் காலையில் போய் நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். புதுப்பேட்டையில் பதினாறு வயதில் கார்பரேட்டர் கழுவ ஆரம்பித்தவன் நான். பிளக்கின் நிறத்தைப் பார்த்து இன்ஜினின் ஜாதகம் சொல்லப் பழகிய கை. பெட்ரோல் தூக்கலாகப் போனால் பிளக் கரிச்சட்டியாக இருக்கும். ஆனால் இந்த நான்கிலும் கரி இல்லை. ஈரமாக, பளபளவென்று, ஸ்பிரிட் வாடையோடு வந்தன. எத்தனால் அவ்வளவாகக் கரி கக்காது. முப்பது வருட அனுபவம் அந்த நிமிடத்தில் காலணாவுக்குப் பயன்படவில்லை. ஆயில் அளவுகோலை உருவினேன். மட்டம் ஏறியிருந்தது, ஆயிலிலும் அதே வாடை. எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கிவிட்டது. ஆயிலை மாற்றிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தோம்.

பையன் செய்தது ஒரு தவறு அன்று, இரண்டு. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். முதல் தவறு, மீட்டர் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்காமல் விட்டது.

மீட்டருக்குத் தகவல் தருவது சைலன்சர் குழாயில் இருக்கும் வைட்பேண்ட் சென்சார். இன்ஜினுக்குள் எத்தனை கிராம் காற்று போனது, எத்தனை கிராம் எரிபொருள் போனது என்று அதற்குத் தெரியாது. எரிந்து முடித்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் மீந்திருக்கிறதா, அல்லது எரிபொருள் மீந்து ஆக்சிஜன் போதவில்லையா என்று மட்டும் அது பார்க்கிறது. சோறு வடிப்பதைப் போல வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசிக்கு ஒரு கணக்குத் தண்ணீர், புழுங்கலரிசிக்கு வேறு கணக்கு. சென்சார் உலையில் எத்தனை டம்ளர் ஊற்றினீர்கள் என்று பார்ப்பதில்லை. வடிகிற கஞ்சியைப் பார்த்து, தண்ணீர் சரியா, கூடுதலா, குறைவா என்று சொல்கிறது. அந்தத் தீர்ப்புக்குப் பெயர்தான் லாம்டா. லாம்டா 1.00 என்றால் காற்றும் எரிபொருளும் ஒன்றுக்கொன்று சரி. ஒன்றுக்குக் கீழே போனால் எரிபொருள் தூக்கல், பட்டறை மொழியில் ரிச். ஒன்றுக்கு மேலே போனால் காற்று தூக்கல், லீன். எந்த எரிபொருளாக இருந்தாலும் இது மாறாது.

பிறகு 14.7 எங்கிருந்து வருகிறது? சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மீட்டரைச் செய்தவர்கள் லாம்டாவை இந்த 14.7-ஆல் பெருக்கி முகப்பில் காட்டுகிறார்கள். மீட்டரைப் பொறுத்தவரை உலகில் உள்ள எல்லா அரிசியும் பச்சரிசிதான். எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும், கிலோவுக்கு 9 கிலோ. கலவைகள் இடையில் வரும். இ-க்கு அடுத்து வரும் எண், கலவையில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பது: இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5, இ85-க்கு 9.8. வண்டியில் இ85 ஓடி, கலவை மிகச் சரியாக இருந்தால், உண்மையான விகிதம் 9.8. மீட்டர் காட்டுவதோ 14.7. பையன் பார்த்த 14.7 தவறான அளவே அன்று. கலவை சரியாக இருக்கிறது என்று மீட்டர் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. அதை 9.8-க்கு இறக்கப் பார்த்ததால் லாம்டா 0.67 ஆனது. தேவையைப் போல ஒன்றரை மடங்கு எரிபொருள். 10.0-க்குக் கீழே இறங்காததற்கும் காரணம் உண்டு. அந்த மீட்டரின் அளவு 10.0-இல் முடிகிறது. அதில் இருக்கும் வகைச் சென்சாரே லாம்டா 0.65-க்குக் கீழே படிக்காது.

ஆகவே நான் எத்தனால் வேலைக்கு எடுக்கும் எந்த மீட்டரிலும் முதலில் முகப்பை லாம்டாவுக்கு மாற்றிவிடுவேன். பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், காட்டும் எண்ணை 14.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 12.6 காட்டினால் 0.86. 13.2 காட்டினால் 0.90. இப்படி ஐந்தாறு எண்களை ஒரு காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினால் போதும். டியூன் செய்யும் மென்பொருளிலும் இலக்கு லாம்டாவில் இருக்கட்டும். முகப்பு பெட்ரோல் பாஷையிலும் மென்பொருள் எத்தனால் பாஷையிலும் இருந்தால் இரண்டும் எப்போதும் சண்டை போடும். நடுவில் இன்ஜின் அடிபடும்.

இனி இரண்டாவது தவறு. தொட்டியில் இருந்தது இ85 என்று பையன் நினைத்தான். இல்லை.

இன்று பம்பில் சாதாரணமாகப் போடும் பெட்ரோல் இ20. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டுப் படிப்படியாக நாடு முழுவதும் வந்துவிட்டது. 2024 மார்ச்சில் இ100 விற்பனை ஐந்து மாநிலங்களில் 183 பம்புகளில் தொடங்கியபோது அந்த ஐந்தில் தமிழ்நாடும் ஒன்று. இ100 என்று பெயர் இருந்தாலும் அதில் எத்தனால் 93 சதவீதத்தை ஒட்டித்தான். மீதி பெட்ரோலும், இரண்டையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் ஒரு கரைப்பானும். பையன் பத்து லிட்டர் இ20-யும் பத்து லிட்டர் இ100-உம் ஊற்றியிருந்தான். கூட்டிக் கழித்தால் எத்தனால் 56.5 சதவீதம். அந்தக் கலவையின் சரிவிகிதம் சுமார் 11.4. அவன் துரத்திய 9.8 இந்தத் தொட்டிக்கு எந்தப் பாஷையிலும் பொருந்தாது.

பம்பில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். நூறு மில்லி அளவுக் குடுவை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கரைத்து, ஐம்பது மில்லி ஊற்றுங்கள். அதன்மேல் ஐம்பது மில்லி எரிபொருள். வாயை மூடிக் குலுக்கி, மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்றை விட்டு, பத்து நிமிடம் நிற்க வையுங்கள். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், ஆரஞ்சுக் கோடு மேலே ஏறும். இ20 என்றால் 60-ஐ ஒட்டி நிற்கும். எங்கள் கலவைக்குக் கணக்குப்படி 78 வரவேண்டும். குடுவையில் 77-க்குச் சற்றுக் கீழே நின்றது. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு கொஞ்சம் சுருங்கும். அந்தச் சிறு வித்தியாசத்துக்காகப் பம்புக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். எத்தனால் தீ பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பக்கத்தில் தீயணைப்புப் பவுடர் உருளை இல்லாமல் நான் மூடியைத் திறப்பதில்லை.

சென்சாரைப் பொருத்துவதில் எத்தனாலுக்கு என்று தனிக் கவனம் வேண்டும். எத்தனால் எரியும்போது நீராவி அதிகம் வரும். காலையில் குளிர்ந்த குழாயில் அது தண்ணீராகப் படியும். சென்சாரின் உள்ளே இருப்பது சூடேறிய பீங்கான். அதன்மேல் தண்ணீர் தெறித்தால் விரிசல் விட்டுவிடும். ஆகவே குழாயின் குறுக்குவெட்டைக் கடிகாரமாக நினைத்தால் சென்சார் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே நிற்கவேண்டும். கீழே தொங்கக்கூடாது. அதற்கு முன்னால் உள்ள இணைப்புகளில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக்கூடாது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மீட்டர் காற்று தூக்கல் என்று பொய் சொல்லும், நீங்களும் நம்பி எரிபொருளைக் கூட்டுவீர்கள்.

எர்த் ஒயரையும் பாருங்கள். எங்கள் மீட்டர் இசியுவுக்கு 0 முதல் 5 வோல்ட் வரை அனுப்புகிறது. 0 என்றால் 10, 5 என்றால் 20. அப்படியானால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே எண் 0.2 தள்ளிப்போகும். முகப்பில் 14.7, மடிக்கணினியில் 14.3 என்று வந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள். மீட்டரின் எர்த்தும் இசியுவின் எர்த்தும் ஒரே இடத்தில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் ஒன்று பாடியில் துருப்பிடித்த போல்ட்டில் மாட்டியிருந்தது. மாட்டியவன் நான்தான்.

எரிபொருளைக் கூட்டும் முன்பு, அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அந்தத் திராணி இருக்கிறதா என்று கணக்குப் போடவேண்டும். நிமிடத்துக்கு 5500 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழுச் சுழற்சி ஏறத்தாழ 22 மில்லி விநாடி. இ20-யில் முழு ஆக்சிலரேட்டரில் எங்கள் இன்ஜெக்டர் அதில் 70 சதவீத நேரம் திறந்திருந்தது. 56 சதவீதக் கலவைக்கு அளவில் 16 சதவீதம் கூடுதலாக ஊற்றவேண்டும். 70 என்பது 81 ஆகும். சமாளிக்கலாம். உண்மையிலேயே இ85 ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும், 93-க்குப் போய்விடும். 85-ஐத் தாண்டவிடுவதில்லை என்பது என் பழக்கம். அதற்குமேல் இன்ஜெக்டர் மூடித் திறக்க நேரம் போதாமல் தடுமாறும். அணிக்காரர்கள் இ85 கேட்டபோது, பெரிய இன்ஜெக்டர் வாங்கிக் கொடுத்தால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் பாதிக்குப் பாதி.

இனி டியூனிங். முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். அரைகுறைச் சூட்டில் எத்தனால் சரியாக ஆவியாகாது, எல்லா அளவும் தப்பாகும். ஐடிலிங்கில் லாம்டா 1.00-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகு மிதமான, ஒரே சீரான வேகத்துக்குப் போங்கள். கடைசியில்தான் முழு ஆக்சிலரேட்டர். மேல் எண்களைச் சரிசெய்யும் ஆவலில் நேராக அங்கே தாவுகிறவர்கள் திரும்பி வந்து மூன்று முறை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

திருத்தும் கணக்கு எளியது. எந்தச் சுற்றில், எந்தச் சுமையில் எவ்வளவு எரிபொருள் என்று இசியுவில் இருக்கும் எரிபொருள் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணை, அளந்த லாம்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்டாவால் வகுக்கவேண்டும். 3500 சுற்றில், அதிகச் சுமையில், ஒரு கட்டத்தில் 62 இருந்தது. அளந்தது 0.94. வேண்டியது 0.86. 62-ஐ 0.94-ஆல் பெருக்கி 0.86-ஆல் வகுத்தால் 67.8. அதைப் போட்டு மறுபடியும் ஓட்டியபோது 0.87 வந்தது. அத்துடன் விட்டுவிட்டேன். 0.86 வரும்வரை விடமாட்டேன் என்று உட்கார்ந்தால் பொழுது போகும். அடுத்த நாள் வெயிலில் அது வேறு எண் காட்டும்.

ஓட்டும்போது மடிக்கணினியில் சேரும் பதிவில் எந்த வரியை நம்புவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. சிலிண்டரில் எரிந்த புகை சென்சாரை அடைந்து எண்ணாக வருவதற்குள் இன்ஜின் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தவுடன் ஒரு நொடி 1.2 வரை தாவுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். அது திடீர் மிதிப்புக்கென்று இருக்கும் வேறு அட்டவணையின் வேலை. ஒரே சுற்றில், ஒரே சுமையில் இரண்டு விநாடியாவது நின்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் மீட்டர் கடைசி வரைக்கும் ஏறினால், இன்ஜெக்டர் மூடிக்கொண்டது என்று பொருள். அதுவும் கணக்கில் சேராது. ஐடிலிங் மட்டும் சரியாக வராமல் மற்றதெல்லாம் சரியாக வந்தால், அட்டவணையைக் கிளறாமல் இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் தாமத நேரத்தையும் பேட்டரி வோல்ட்டேஜையும் பாருங்கள்.

முழுச் சுமைக்கு 0.86 ஏன்? டர்போ இல்லாத இந்த இன்ஜினில் 0.84-இலிருந்து 0.88 வரை எங்கே வைத்தாலும் இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை நிறைய உறிஞ்சுவதாலும், அதன் ஆக்டேன் உயர்வாக இருப்பதாலும் பெட்ரோலில் வருவதைப் போல நாக்கிங் (எரிபொருள் தானே வெடித்து இன்ஜினைத் தட்டுவது) சட்டென்று வராது. அதை நம்பி 0.95-க்கு ஏற்றி மைலேஜ் பார்க்கலாமே என்று அணிக்காரர் ஒருவர் கேட்டார். டயர் தூக்கும் வண்டிக்கு மைலேஜ் எதற்கு என்று திருப்பிக் கேட்டேன்.

மீட்டர் உண்மையைச் சொல்லியும் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அட்டவணை எல்லாம் ஒழுங்கான பிறகு, 4800 சுற்றுக்கு மேல் போனால் லாம்டா 1.15-க்குத் தாவியது. பையன் எரிபொருளைக் கூட்டினான், 1.18 ஆனது. இன்னும் கூட்டினான், 1.22. கூட்டக் கூட்டக் காற்று தூக்கல் என்றால் அது எரிபொருள் குறைவு அன்று. ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங். எரியாமல் வெளியேறும் சிலிண்டரின் முழு ஆக்சிஜனும் சென்சாரைக் கடந்து போகிறது. சென்சார் எண்ணுவது ஆக்சிஜனை. எரிபொருள் எரியாமல் போனதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இருட்டும்வரை காத்திருந்து, விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டரை ஏற்றச் சொன்னேன். மூன்றாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பரில் மயிரிழை போல ஒரு நீலக்கோடு விட்டுவிட்டு மின்னியது. ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். புதிய ரப்பர் போட்டவுடன் அதே சுற்றில் 0.79 வந்தது. பையன் கூட்டியதையெல்லாம் திரும்ப எடுத்தோம்.

சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு துண்டு உண்டு. உங்கள் காரில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் லாம்டா 1-ஐத்தான் தேடுகிறது. இ10-க்கு அமைத்த காரில் இ20 போட்டால் இசியு தானாகவே சுமார் 4 சதவீதம் எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். காரின் இசியுவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைப் பார்த்தால் அது தெரியும். இ20-க்கு மாறியபோது அது நான்கைந்து ஏறியிருந்தால் இயல்பு. பதினைந்து ஏறியிருந்தால் எத்தனாலைத் திட்டாமல் காற்றுக் கசிவையோ எரிபொருள் பம்பையோ தேடுங்கள்.

சென்னையில் குளிர்காலைத் தொல்லை அதிகம் இல்லை. மார்கழி விடியலிலும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆனால் குளிர்ந்த இன்ஜினுக்கான கூடுதல் எரிபொருளை இ20-க்கு வைத்ததைவிட உயர்த்தவேண்டியிருந்தது. பழைய தொட்டியின் அழுக்கை எத்தனால் கழுவிக்கொண்டு வரும் என்பதால் முதல் மாதத்திலேயே ஃபில்டரை மாற்றிவிட்டேன்.

இசியுவில் இப்போது இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, ஒன்று இ20-க்கு, ஒன்று பாதிக்குப் பாதிக்கு. எது ஓடுகிறது என்று வண்டிக்குத் தானாகத் தெரியாது, ஒரு சுவிட்சைத் தட்டவேண்டும். தொட்டி மூடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, எரிபொருள் ஊற்றியவுடன் குடுவையில் வந்த எண்ணை அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது பையன் கையெழுத்தில் 77 என்று இருந்தது. அதன் கீழே, சிறிய எழுத்தில், "மீட்டர் 14.7 = சரி" என்று எழுதியிருந்தான்.